கரண்ட் ஊரில் இருட்டு கேட்டவர்

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து மோசம், எழுத்துப் பிழையும் இருக்கும். அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் துணியின் மேல் சாக்பீஸால் போட்ட கோடுகள்தான். அச்சில் வரும்போது வாசகர்களுக்கு என் எழுத்து தெரியப்போவதில்லை. படித்துப் படித்துக் கண் வலிக்கப்போவது ஆசிரியருக்குத்தான். மன்னிப்பு அவருக்கு.

இனி விஷயம். நெய்வேலி என்றால் வெளிச்சம். வடலூர் தாண்டி ராத்திரி பஸ்ஸில் வந்தால், ஊர் வருவதற்கு முன்னாலேயே வானம் வெளுத்திருக்கும். பழுப்பு நிலக்கரியைத் தோண்டி, எரித்து, கரண்டாக்கி நாலு மாநிலத்துக்கு அனுப்புகிற ஊர். அப்படிப்பட்ட ஊரில் உட்கார்ந்துகொண்டு, எனக்குக் கொஞ்சம் இருட்டு வேண்டும் என்று மனு கொடுத்த ஒரே மனிதர் இருட்டு சார்தான். இந்த உலகத்தில் வேறெங்கும் இப்படி ஒருவர் இருந்திருக்க மாட்டார் என்று சத்தியம் பண்ணத் தயார். அவருடைய சொந்தப் பெயர் அவருடைய ஆபீசுக்கும் தபால்காரருக்கும் மட்டும்தான் தெரியும்.

நான் பக்கத்தில் மந்தாரக்குப்பத்தில் தையல்காரன். பெரிய கடை என்று நினைக்க வேண்டாம். ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், பின்னால் நான் படுத்துக்கொள்ள ஒரு பாய். கூச்ச சுபாவம். பெண்களுக்குத் தைப்பேன், அளவு எடுக்க மாட்டேன். "அளவு ஜாக்கெட் குடுத்துட்டுப் போங்க" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிடுவேன். ஆண்களுக்கு அளவு எடுப்பேன், பேச மாட்டேன். கையைத் தூக்கச் சொல்ல வேண்டியிருந்தால் என் கையைத் தூக்கிக் காட்டுவேன். எனக்குப் பெண் கொடுக்க வந்தவர்கள் இந்த லட்சணத்தைப் பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டு, பஸ் ஏறிவிட்டார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு நாள் டவுன்ஷிப்பிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்து இறங்கினார். நரைத்த தலை. சட்டைப் பொத்தான் ஒன்று தள்ளிப் போட்டிருந்தார். தையல்காரன் கண் முதலில் அங்கேதான் போகும்.

"கறுப்புத் துணி தைக்கணும்ங்க. மூணு அடுக்கு."

"எத்தனை ஜன்னல் சார்?"

"ஜன்னலுக்கு இல்லைங்க. சுவருக்கு."

"எந்தச் சுவருக்கு?"

"நாலுக்கும். மேல கூரைக்கும்."

வீட்டில் ஏதோ துக்கம்போல என்று நினைத்துத் தலையாட்டி வைத்தேன். தைத்து முடித்த அன்று வந்தார். விரித்துப் பார்க்கவில்லை, நீள அகலம் கேட்கவில்லை. துணியைத் தலையோடு போர்த்திக்கொண்டு உச்சி வெயிலில் என் கடை வாசலில் நின்றுவிட்டார். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாசோடு எழுந்து வந்தார்கள்.

"இன்னா டெய்லரு, பொம்மை வாங்கக் காசு இல்லாம ஆளையே நிக்க வச்சிட்டியா?" என்றான் ஒருவன்.

துணிக்குள்ளிருந்து குரல் வந்தது. "டெய்லர், இது இருட்டு இல்லைங்க. இது நிழல்."

"மூணு அடுக்கு போட்டிருக்கேனே சார்."

"துணி நல்லாத்தான் இருக்கு. ஊசி போன இடமெல்லாம் வெளிச்சம் வருதே. வரிசை வரிசையா நட்சத்திரம் பாக்கிற மாதிரி இருக்குங்க."

அதுவரை என் தையலை யாரும் உள்ளேயிருந்து பார்த்ததில்லை. தையல் என்பது ஓட்டைகளின் வரிசை என்று எனக்கே அன்றுதான் தெரிந்தது. எல்லாவற்றையும் பிரித்தேன். ஒரு அடுக்கின் தையல் இன்னொரு அடுக்கின் தையலுக்கு நேரே வராதபடி தள்ளித் தள்ளி வைத்து, ஓரத்தை மடித்து, மடித்ததை மறுபடி மடித்து, மேலே பட்டி வைத்து அடித்தேன். மறுபடியும் வந்தார், போர்த்தினார், நின்றார். துணிக்குள் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பியது. பிறகு உள்ளேயிருந்து, "ஒண்ணுமே தெரியலைங்க!" என்று ஒரு சந்தோஷக் குரல். என் தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

துணியைக் கட்டிக்கொடுக்க அவருடைய குவார்ட்டர்சுக்குப் போனேன். தெர்மல் பவர் ஸ்டேஷனில் எலக்ட்ரிக்கல் பக்கம் இன்ஜினியர். தனியாள். கல்யாணம் ஆகவில்லையா, ஆகி ஏதாவது ஆகிவிட்டதா என்று கேட்கிற அளவுக்கு யாரும் அவரிடம் நெருங்கியதில்லை. எல்லாருக்கும் 'ங்க' போட்டுப் பேசுவார். எல்லாரும் என்றால் பால்காரர், நாய், பூந்தொட்டி எல்லாம் சேர்த்துத்தான். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது "போதும்ங்களா?" என்று கேட்டதை என் காதால் கேட்டேன்.

வாசலில் இருந்த தெருவிளக்குதான் அவருக்கு எதிரி. அதை அணைத்துவிடும்படி மனு கொடுத்து, எப்படியோ பேசி, அணைக்கவும் வைத்துவிட்டார். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சரோஜா அக்காவுக்கு அது தெரியாது. அவர் வீட்டுக்காரர் சுரங்கத்தில் ஷிப்ட் பார்க்கிறவர், அக்கா குறிஞ்சிப்பாடிப் பக்கத்துக் கிராமம், இளகிய மனசு. "பாவம், ஒண்டியாளு, லைட்டு இல்லாம தடுமாறிகினு இருக்காரு" என்று போய்ப் புகார் சொல்லி, நின்று, விளக்கை எரிய வைத்துவிட்டுத்தான் வருவார். சார் மறுபடி மனு கொடுப்பார். அக்கா மறுபடி இரக்கப்படுவார். இரண்டு பேருமே நல்லவர்கள் என்பதால் அந்த விளக்கு நிம்மதியாக எரியவும் முடியவில்லை, அணையவும் முடியவில்லை.

சார் அந்த இருட்டுக்குள் என்ன செய்தார் என்பதைச் சொல்கிறேன். எனக்குப் புரிந்த அளவில்தான் சொல்ல முடியும்.

உயிருள்ள எதுவும், இலையோ முளைவிட்ட பயறோ மனுஷன் கையோ, எப்போதும் ரொம்ப ரொம்ப மெலிசாக வெளிச்சம் விட்டுக்கொண்டே இருக்கிறதாம். உடம்பு முழுக்கச் சின்னச் சின்ன அறைகளாக உயிரணுக்கள் இருக்கின்றன. அவை மூச்சு வாங்கி வேலை செய்யும்போது சிந்துகிற வெளிச்சம் அது.

"மின்மினிப் பூச்சி மாதிரியா சார்?" என்றேன்.

"மின்மினி கல்யாண வீட்டு சீரியல் லைட்டுங்க. இது அப்படி இல்லை. எந்தக் கண்ணுக்கும் தெரியாது. எண்ணத்தான் முடியும்."

எண்ணுவதற்கு ஒரு பெட்டி வைத்திருந்தார். சென்னையில் பழைய சாமான் கடைகளில் அலைந்து வாங்கிய ஒரு கண்ணாடிக் குழாய் அதற்குள் இருந்தது. ஒரு துளி வெளிச்சம் விழுந்தால் 'டிக்' என்று சொல்லும். உள்ளே இரண்டு செப்புத் தகடு. நடுவில் ஒரு சின்னத் தட்டில் முளைகட்டின பச்சைப்பயறு. தகடுகளுக்குக் கரண்ட் கொடுத்தால் பயறைத் தொடாமலே அதைச் சுற்றிக் கரண்டின் பிடி மட்டும் இருக்கும். அதை அவர் மின்புலம் என்பார். பிடி விழுந்ததும் டிக் கூடுகிறதா குறைகிறதா, எடுத்ததும் பழையபடி ஆகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பார்.

"எதுக்கு சார் இது?"

"டவர் லைன் போற வேர்க்கடலைக் கொல்லையில ஒரு பெரியவர் என்னைக் கேட்டாருங்க. 'கம்பிக்குக் கீழ இருக்கிற மல்லாட்டைக்கு ஏதாவது ஆவுமா சாமி?'ன்னு. நான் இத்தனை வருஷமா கரண்ட்டுல வேலை பாக்கிறேன், எனக்குப் பதில் தெரியலை. அதான் மல்லாட்டையையே கேக்கலாம்னு. வெட்டாம, சாயம் ஏத்தாம, அது விடற வெளிச்சத்தை வச்சே கேக்கணும். அதுக்கு என்ன ஆகுதுன்னு அதுவே சொல்லும்."

"சொல்லுதா சார்?"

"முணுமுணுக்குதுங்க. எனக்கு மட்டும் கேக்குது. அதுதான் பயமா இருக்கு."

அவருடைய கவலை அதுதான். அடுத்த வருடம் ரிட்டயர்மென்ட். குவார்ட்டர்சைக் காலி செய்ய வேண்டும், இருட்டறை போய்விடும். அதற்குள் படித்தவர் ஒருவர் வந்து பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, காதால் கேட்டு, இருக்கிறது என்று சொல்ல வேண்டும். பல கல்லூரிகளுக்கு எழுதிப் போட்டிருந்தார். ஒரு பதிலும் இல்லை. "யாரும் வரலைன்னா, ஒரு ரூம்ல கறுப்புத் துணி கட்டிக்கிட்டு உக்காந்திருந்த ஆளுன்னுதாங்க என் கதை முடியும்" என்றார்.

கேட்க ஆள் இல்லாத குறைக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போக ஆரம்பித்தேன். பயறை உள்ளே வைத்ததும் எண்ணிவிட முடியாது. வெயிலில் குடித்த வெளிச்சத்தை அது கொஞ்ச நேரம் துப்பிக்கொண்டே இருக்குமாம். அது மறக்கிற வரைக்கும் இருட்டில் காத்திருக்க வேண்டும். நாங்கள் காத்திருந்தோம். அங்கேதான் ஓர் ஆச்சரியம் நடந்தது. எனக்குப் பேச்சு வந்தது. எதிரே முகம் இல்லை, என் முகமும் யாருக்கும் தெரியாது. அம்மா செத்த கதை, டீ குடித்துவிட்டுப் போன பெண் வீட்டார் கதை, தனியாகச் சமைத்தால் குழம்பு எப்போதும் அதிகமாகிவிடுகிற கதை, எல்லாம் சொன்னேன். "எனக்கும் குழம்பு மிஞ்சுதுங்க" என்று இருட்டிலிருந்து பதில் வந்தது.

அந்தத் தைப்பூசத்தன்று ஒரு கூத்து. வடலூரில் ஏழு திரைகளை விலக்கி ஜோதி காட்டுவார்கள் என்பது எல்லாருக்கும் தெரியும். சரோஜா அக்கா கணக்குப் போட்டுவிட்டார். கறுப்புத் திரை, இருட்டு, யாருக்கும் தெரியாத வெளிச்சம், சைவச் சாப்பாடு. தெருப் பெண்களைத் திரட்டிக்கொண்டு கற்பூரத் தட்டோடு வாசலில் வந்து நின்றார்.

"சாரு, வடலூர்ல கூட்டம் தாங்கல. நீங்க எத்தினி மணிக்குத் தொறக்கறீங்க?"

"எதைங்க?"

"ஜோதியத்தான்! உள்ள வச்சிகினு எங்களுக்குக் காட்டமாட்டன்னா எப்பிடி?"

"அம்மா, அது பச்சைப்பயறுங்க. முதல்ல அந்தக் கற்பூரத்தை அணைங்க!"

"பயத்தம்பருப்புல ஜோதியா!" என்று ஒரு பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைசியில் ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் முளைப்பயறு கொடுத்துத்தான் அனுப்ப முடிந்தது. பிரசாதம் என்று வாங்கிப் போனார்கள்.

இப்போது என் கைக்கு வருகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சார், "உங்க கையை வச்சுப் பாக்கலாமாங்க?" என்றார்.

"ஷாக் அடிக்குமா சார்?"

"டவர் கம்பிக்குக் கீழ நடந்தா அடிக்குதா?"

"மழையில குடைக்கம்பி சுர்ருங்குது சார்."

"அந்தச் சுர்ருகூட இருக்காது. தகட்டுக்கு மேல கண்ணாடி போட்டிருக்கேன்."

கையை நுழைக்க, முழங்கை வரை மூடுகிற மாதிரி எலாஸ்டிக் வைத்த கறுப்பு உறை ஒன்றை நானே தைத்திருந்தேன். சார் முறையாகக் கேட்டார். "வாட்ச் இருக்கா? மோதிரம்? கைச்சட்டைப் பொத்தான் பளபளக்குமா?" எதுவும் இல்லை என்றேன். இருட்டில் காத்திருந்தோம். பிறகு கையை விட்டேன்.

பெட்டி அலறியது. டிக் டிக் என்று தனித்தனியாகக் கேட்கவில்லை. என் மெஷினை வேகமாக மிதித்தால் வருமே, அந்தச் சத்தம்.

சார் மின்புலத்தைப் போட்டார். சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. அவர் மூச்சு எனக்குக் கேட்டது. "குறையுதுங்க... டெய்லர், குறையுதுங்க!" பிறகு தன் கையை விட்டுப் பார்த்தார். கிட்டத்தட்ட காலிப் பெட்டியின் சத்தம்தான். "உங்க கையில என்னமோ இருக்குங்க. நாள் முழுக்கத் தைக்கிற கை, அதனாலயா? இந்த மாதிரி நான் கேட்டதே இல்லை."

அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த ஞாயிறும். நெய்வேலியில் இத்தனை ஆயிரம் கைகள் இருக்க, மந்தாரக்குப்பம் தையல்காரன் கையில்தான் வெளிச்சம் அதிகம் என்று ஆகிவிட்டது. என்னிடம் ஏதோ இருக்கிறது என்று அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. கையைப் பார்த்துப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். சார் பண்ருட்டிக்குப் போய் முந்திரிப்பருப்பு வாங்கி வந்து, "கை நல்லா இருக்கணும், சாப்பிடுங்க" என்றார். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக்கூட அந்தக் கையைத் தரவில்லை நான்.

சார் இந்தக் கணக்கை எழுதிப் போட்டதும் ஒரு கல்லூரியிலிருந்து பேராசிரியர் ஒருவர் வருகிறேன் என்று பதில் போட்டுவிட்டார். சார் எனக்குப் புதுத் தையல் ஒன்று கொடுத்தார், அவருக்கே ஒரு சட்டை. பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் மூன்று முறை சொன்னேன்.

அந்த ஞாயிறு. பேராசிரியர் ஒல்லியானவர், குடையோடு வந்தார், மத்தியான பஸ்ஸுக்குத் திரும்ப வேண்டும் என்றார். நான் வழக்கம்போலக் கோயிலில் பூசை முடிந்து, மாதா சிலை வைத்த கெபியின் முன்னால் வெயிலில் நின்று செபம் சொல்லிவிட்டு, சைக்கிளில் வந்து, வாசலில் மரியாதைக்காக மடித்திருந்த சட்டைக் கையை இறக்கிப் பொத்தான் போட்டுக்கொண்டு உள்ளே போனேன். மூன்று பேரும் இருட்டில் காத்திருந்தோம். கையை விட்டேன். பெட்டி அலறியது. சார் மின்புலம் போட்டார், சத்தம் இறங்கியது.

"பாத்தீங்களா?" என்றார் சார்.

பேராசிரியர் பெட்டிப் பக்கம் நகர்ந்து உட்காருகிற சத்தம் கேட்டது. பிறகு, "கரண்டை நிறுத்துங்க" என்றார். சார் நிறுத்தினார். சத்தம் ஏறவில்லை. இறங்கிக்கொண்டே போனது.

"இப்படி ஒரே சீரா இறங்கறதை நான் கேட்டிருக்கேன் சார். ரேடியம் பூசின வாட்ச் முள்ளுல. தம்பி, கையில வாட்ச் இருக்கா?"

"வாட்சே கிடையாதுங்க."

"வேற எதாவது?"

"ஜெபமாலை மட்டும்தாங்க."

"என்ன மாலை?" என்றார் சார்.

கையை வெளியே எடுத்து, பொத்தானைக் கழற்றி, சட்டையை மேலே தள்ளினேன். வேளாங்கண்ணித் திருவிழாவில் வாங்கியது, இருட்டில் பச்சையாக மின்னுகிற பிளாஸ்டிக் மணி. ஞாயிறு பூசைக்குப் போனால் மணிக்கட்டில் சுற்றிக்கொள்வேன். வெயிலில் குடித்ததையெல்லாம் அது சமத்தாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் மூன்று பேர் முகமும் தெரிந்தது. சார் முகத்தை நான் பார்த்திருக்க வேண்டாம்.

"நீங்க முதல்லயே சொல்லியிருக்கலாமேங்க" என்றார், மெதுவாக.

"நீங்க கண்ணுக்குத் தெரியாத வெளிச்சத்தைத் தேடறீங்க சார். இது கண்ணுக்கே தெரியுதே. அதனால இது உங்க கணக்குல வராதுன்னு நெனச்சேன்."

பேராசிரியர் சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து, முடியாமல், இருமிச் சிரித்தார். குடையைத் தேடுகிற சத்தம் கேட்டது. ரிட்டயர்மென்ட்டுக்கு இன்னும் சில வாரம்தான். இன்னொருவர் வரப்போவதில்லை. சார் கதை, கறுப்புத் துணி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆளாகவே முடியப்போகிறது என்று நினைத்தேன்.

அப்போது சார் சொன்னார். "நீங்க கிளம்பறதுன்னா கிளம்பலாம்ங்க. நான் தப்பாத்தான் எழுதிட்டேன். ஆனா பயறு ஜெபமாலை போட்டுக்கறதில்லைங்க."

குடைச் சத்தம் நின்றது. பேராசிரியர் திரும்ப உட்கார்ந்தார்.

நான் மாலையைக் கழற்றி வெளியே சரோஜா அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். சார் பயறை வைத்தார். காத்திருந்தோம். டிக்... டிக்... என்று மெலிசாக வந்தது. மின்புலம் போட்டார். டிக்குகள் கொஞ்சம், ரொம்பக் கொஞ்சம், நெருங்கி வந்த மாதிரி இருந்தது. எடுத்தார், தளர்ந்தது. "மறுபடி" என்றார் பேராசிரியர். பிறகு, "பயறு இல்லாம ஒருதரம்." பிறகு, "மறுபடி." மத்தியான பஸ் போயிருக்கும். அவர் எழுந்திருக்கவில்லை. கடைசியில் இருட்டில் ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்னார். "இருக்கலாம் சார். என்னன்னு சொல்லமாட்டேன். ஆனா ஏதோ இருக்கலாம்."

அவரைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தும் சார் வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். "இருக்கலாம்னு சொன்னாருங்க! கேட்டீங்கல்ல? இல்லைன்னு சொல்லலையே!" சரோஜா அக்காவிடமும் போய்ச் சொன்னார். அக்கா, "அதான் நாங்க தைப்பூசத்தன்னிக்கே சொன்னமே" என்றார்.

பிறகுதான் அவருக்கு என் ஞாபகம் வந்தது. "வாங்க, உங்க கையை இப்ப எண்ணிடலாம்" என்றார். வெறுங்கை. டிக்... ரொம்ப நேரம் கழித்து இன்னொரு டிக்.

"எல்லாருக்கும் இருக்கிற அளவுதாங்க உங்களுக்கும்" என்றார். "கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. எல்லாரையும் விட எனக்கு என்னவோ குறைச்சல் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

ரிட்டயர் ஆன வாரமே காலி செய்தார். தங்கை மகன் வீடு சேலத்தில். திரைகளை நான்தான் அவிழ்த்தேன். பஸ் ஸ்டாண்டில் பட்டப்பகல் வெயில். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். ஞாயிறு ஞாயிறாக அத்தனை பேசிய மனிதரிடம் எனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. அவரும் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.

"டெய்லர், கண்ணை மூடிக்குங்க" என்றார் சார். "நானும் மூடிக்கிறேன்."

மூடிக்கொண்டேன். உடனே வந்துவிட்டது. "உடம்பைப் பாத்துக்குங்க சார். குழம்பு கொஞ்சமா வைங்க. ஞாயித்துக்கிழமையானா நான் எங்க போறதுன்னு தெரியலை சார்." இன்னும் என்னென்னவோ சொன்னேன்.

"தம்பி, பஸ்ஸு போயி எம்மா நேரம் ஆவுது! யாருகிட்ட பேசிகினு இருக்க?" என்றார் பக்கத்தில் இருந்த பூக்காரம்மா.

சாருக்குக் கேட்டிருக்கும் என்றுதான் இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மந்தாரக்குப்பம்
2008, ஐப்பசி மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை